மெழுகு வைத்த படகுகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் படகு ஓட்ட வராது. கட்டுகிறவனுக்கு ஓட்டவும் வரும் என்று நீங்களாக நினைத்துக்கொண்டு, போன தடவை காற்றைப் பற்றியும் பாயின் கோணத்தைப் பற்றியும் எவ்வளவோ மரியாதையாகக் கேட்டீர்கள். நானும் தாடையைத் தடவிக்கொண்டு பதில் சொன்னேன். அதில் பாதி புத்தகத்தில் படித்தது. மீதி, ஏரிக்கரைப் படகு கிளப்பில் அடுத்தவர்கள் பேசிக்கொண்டபோது காதில் விழுந்தது. நான் பந்தயத்தில் ஓட்டிய காலத்தில் எனக்குப் பின்னால் வந்தது மீட்புப் படகு மட்டும்தான். அதுவும் என்னைத் தாண்டக் கூடாது என்று விதி இருந்ததால். கிளப்பில் எனக்கு 'நங்கூரம்' என்று பெயர். ஆளைப் பார்த்து வைத்த பெயர் என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்டுவது வேறு. கட்டுவதில் நான் அவ்வளவு மோசமில்லை.

நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன் நான். ஒரு மனிதனுக்கு என் ஜன்னலில் இரண்டு தடவைதான் வேலை. அந்த இரண்டு தடவையும் அவனால் நேரில் வர முடியாது. அதனால் வாடிக்கையாளர் என்று எனக்கு யாரும் அமையவில்லை. வருகிறவர்கள் ஒன்று மகிழ்ச்சியில் இருப்பார்கள், இல்லையென்றால் அழுதிருப்பார்கள். இரண்டு வகையினரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். குனிந்து பேனாவைத் தேடுவார்கள்.

வீட்டில் நானும் மனைவியும்தான். மகன் தொலைவில் இருக்கிறான், நல்லவன், தவறாமல் போன் செய்வான்.

"எல்லாம் நல்லாத்தானே இருக்குப்பா?"

"நல்லா இருக்கு."

"சரி, அப்போ வெச்சிடறேன்."

நன்றாக இருப்பதில் உள்ள சிக்கல் இதுதான். அதற்கு மேல் பேச ஒன்றும் இருக்காது. ஒரு மழையில் கூரை ஒழுகியது. அவன் லீவு போட்டுவிட்டு வந்து தங்கினான். நாங்கள் இருவரும் ஏணியில் ஏறி, ஒருவர் பிடிக்க ஒருவர் தார் பூசி, முழங்கை வரை கறுப்பாக்கிக்கொண்டு, அவன் சின்ன வயதுக் கதையெல்லாம் பேசினோம். ஒழுகல் நின்றது. அவன் கிளம்பிவிட்டான். அப்போது எனக்கு இதில் பாடம் எதுவும் தெரியவில்லை. கூரையை இவ்வளவு நன்றாக அடைத்திருக்க வேண்டாமோ என்று மட்டும் லேசாகத் தோன்றியது.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கொட்டகை முன்பு கார் நிறுத்தும் இடம். கார் இல்லாததால் படகு வந்தது. சின்னப் பாய்மரப் படகு, இரண்டு பேர் ஏறிப் பந்தயம் விடுவது. வரைபடத்தை வாங்கி, ப்ளைவுட் அறுத்து, பிசின் தடவி, வார்னிஷ் அடித்து, சனி ஞாயிறுகளில் கட்டினேன். பிசின் நாற்றம் ஆகாது என்று மனைவி இந்தப் பக்கமே வர மாட்டாள். சமையலறை ஜன்னலிலிருந்துதான் பேச்சு.

படகு விஷயத்தில் நீங்கள் புதியவர் என்று சொன்னதால் ஒன்றை விளக்கிவிடுகிறேன். இந்த வகைப் படகின் இரண்டு பக்கமும், உட்காரும் பலகைக்கு அடியில், காற்றறை என்று ஒன்று உண்டு. பெரிய சங்கதி இல்லை, எல்லாப் பக்கமும் அடைத்த பெட்டி, உள்ளே காற்று. பந்தயப் படகு கவிழ்வது அதிசயமில்லை. நடை பழகும் குழந்தை விழுவதுபோலக் கவிழும். இருவரும் அடிப்பலகையைப் பிடித்துத் தொங்கி நிமிர்த்துவார்கள், சிரித்துக்கொண்டே மறுபடி ஏறிக்கொள்வார்கள். காற்றறைக்குள் காற்று இருக்கும்வரை எல்லாம் விளையாட்டுதான்.

முதல் படகைப் பல் டாக்டர் வாங்கினார். வண்டியில் ஏற்றும்போது நான் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். "பாத்துக்குங்க," என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க மாமா, உங்க பொண்ணைக் கண்கலங்காம வெச்சுக்கறேன்," என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து கிளப்பில் நான் மாமா. என் படகு வாங்குகிறவர்கள் மாப்பிள்ளைகள். நங்கூரத்தைவிட இது எவ்வளவோ மேல், நீங்களே சொல்லுங்கள்.

கொஞ்ச நாளில் டாக்டர் படகோடு இந்த வாசலில் வந்து நின்றார்.

"மாமா, உங்க பொண்ணுக்கு வயித்துல தண்ணி."

படகை ஆட்டினார். காற்றறைக்குள் களக் களக் என்றது. நான் ஒரு ஸ்க்ரூ துளையை அடைக்க மறந்திருந்தேன். அது உண்மையான மறதி, அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். அவமானத்தில் காது சுட்டது. ஆனால் அவர் கோபப்படவில்லை. இதோ இந்த நாற்காலியில் உட்கார்ந்து, தேநீர் குடித்து, பிசின் காயும்வரை பேசிக்கொண்டே இருந்தார். தன்னுடைய கடைவாய்ப் பல்லைப் பிடுங்க இன்னொரு டாக்டரிடம் போக அவருக்குப் பயமாம். மூன்று கிளினிக் வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறார். இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை என்றார். என்னிடம் சொன்னார். ஒரு துளை, சின்ன விரல் நகம்கூட நுழையாத துளை, ஒரு மனிதனை இவ்வளவு தூரம் கொண்டுவந்து விட்டிருந்தது.

துளையை ஒழுங்காக அடைத்துக் கொடுத்தேன். அதன் பிறகு அவர் வரவில்லை. வர என்ன இருக்கிறது.

இரண்டாவது படகை அந்த அவமானத்தின் வேகத்தில் கட்டினேன். ஒவ்வொரு துளைக்கும் பிசின், பிசின் மேல் துணிப் பட்டை, பட்டை மேல் மறுபடி பிசின். அதைப் புவியியல் ஆசிரியர் வாங்கினார். "மாமா, இதுல ஒரு குறைகூடச் சொல்ல முடியாது," என்றார். சொல்லவும் இல்லை. ஏரிக்கரையில் பார்த்தால் தூரத்திலிருந்து ஒரு கையைத் தூக்குவார், எதிர் பஸ்ஸில் போகிற தெரிந்தவருக்குத் தூக்குவதுபோல. என் வாழ்க்கையிலேயே ஆகச் சிறந்த வேலைக்கு எனக்குக் கிடைத்த கூலி அந்தக் கை.

மூன்றாவது படகு கட்டும்போது கொஞ்சம் யோசித்தேன். நான் எதையும் நிதானமாகத்தான் செய்வேன், ஆத்திரக்காரன் இல்லை. யோசித்து, காற்றறையின் அடியில் ஒரு துளை போட்டேன். அதைப் பிசினால் அடைக்காமல் மெழுகால் அடைத்தேன். கரண்ட் போனால் ஏற்றுகிற சாதாரண வெள்ளை மெழுகுவர்த்திதான். மேலே படகின் நிறத்திலேயே பெயிண்ட் தொட்டுவிட்டேன். ஒரு கோடை போதும், மெழுகு இளகும், கொஞ்சம் தண்ணீர் புகும், களக் களக் என்று சத்தம் கேட்கும். படகு தானாக என் வாசலுக்கு வந்துவிடும்.

அடித்துளையை யாராவது கண்டுபிடித்து அடைத்துவிட்டால் என்ன செய்வது என்று பிறகு தோன்றியது. ஒரே பொய்யை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனமில்லை. அதனால் மேலே, விளிம்புக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு துளைகள். அதற்கும் மெழுகு. அந்த உயரத்துக்குச் சாதாரணமாகத் தண்ணீர் வராது. படகு கவிழ்ந்தால்தான் வரும்.

உங்கள் முகம் மாறுவது தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் படகு என்னிடம் வந்தது. நான் பழைய மெழுகைச் சுரண்டிப் புது மெழுகு வைத்தேன், எல்லாத் துளைகளிலும். அப்படி வருகிறவரை ஆபத்து என்ற பேச்சே இல்லை. இன்னும் சொல்லப்போனால், வருடா வருடம் கட்டியவனே பிரித்துப் பார்த்து அனுப்பிய படகுகள் அந்தக் கிளப்பில் என்னுடையவை மட்டும்தான்.

மூன்றாவதை வாங்கியவர் பேக்கரிக்காரர். வருடம் ஒரு தடவை வயிற்றில் தண்ணீரோடு வருவார், கையில் சூடாக ஒரு ரொட்டி இருக்கும். அடுப்புப் பக்கம் நின்று நின்று புருவம் கருகிய மனிதர். அவருக்கு அடுத்து இரட்டைச் சகோதரிகள், அதற்கடுத்து மருந்துக் கடைக்காரர், பிறகு இன்னும் சிலர். எல்லாருக்கும் ஒரே மெழுகு, பாரபட்சம் இல்லை. சகோதரிகள் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். மருந்துக் கடைக்காரர் பேசவே மாட்டார், ஆனால் கிளம்பவும் மாட்டார். சீசன் முடியும் மாதத்தில் இந்தக் கொட்டகையில் உட்கார இடம் இருக்காது.

மனைவி சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஊர்ல பொண்ணைக் கட்டிக்கொடுத்தவங்க நிம்மதியாத் தூங்குவாங்க. உங்க பொண்ணுங்க மட்டும் வருஷா வருஷம் பொறந்த வீட்டுக்கு வந்துடுதுங்களே."

"பாசம்," என்றேன்.

"பாசமா, கோளாறா?"

அவள் புத்திசாலி. ஆனால் பிசின் நாற்றம் அவளை வெளியிலேயே நிறுத்திவிட்டது.

இனி நீங்கள் விசாரிக்க வந்த விஷயம். பேக்கரிக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. படகை விற்றுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏரிக்கரையில் என் படகு வேறு ஆட்களோடு போவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். பாயைப் பிடித்திருந்தது ஒரு பெண், பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். முன்னால், விளிம்புக்கு வெளியே சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது அவள் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். ஆள் கதவு அகலம். அக்காவுக்கும் தம்பிக்கும் வேறு யாரும் இல்லை என்று பிறகு தெரிந்தது. அவர்கள் படகு திரும்பும்போதெல்லாம் கரை வரை சத்தம் கேட்கும்.

"எரும, வெயிட்ட அந்தப் பக்கம் போடு."

"போட்டுட்டேன்க்கா. இதுக்கு மேல போட்டா ஏரி வழிஞ்சிடும்."

நான் ஓட்டியபோது சேற்றில் நடக்கிறவன் மாதிரி நகர்ந்த வடிவம் அது. அவர்கள் கையில் பறந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. பெருமைதான். பெருமை என்றுதான் நினைக்கிறேன்.

கட்டியவன் நான் என்று யாரோ சொல்லி, கரையேறியதும் நேராக என்னிடம் வந்தாள்.

"நீங்கதானா மாமா? சூப்பரா போகுது."

"எப்போ வேணா கொண்டாம்மா, பாத்துத் தரேன்."

"எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம். நானே பாத்துப்பேன்."

தம்பி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சிரித்தான். "அக்கா கையில இருந்து வேலையைப் பிடுங்க முடியாது மாமா. வார்டுல பெரிய டாக்டருங்களே கேட்டுட்டுத்தான் ஊசி போடுவாங்க."

அந்த வருடம் சீசன் முடிந்தது. எல்லாரும் வந்தார்கள். அவள் வரவில்லை. அடியில் தண்ணீர் புகுந்திருக்கும், எனக்கு நிச்சயமாகத் தெரியும். காற்றறையின் திருகு மூடியைக் கழற்றி, ஸ்பாஞ்சை வைத்து அவளே உறிஞ்சி எடுத்திருக்கிறாள். அடுத்த வருடமும் வரவில்லை. வெயிலில் மேல் மெழுகு காய்ந்து, சுருங்கி, உதிர்ந்துகொண்டிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மாமனார் வலியப் போய் மாப்பிள்ளை வீட்டு வாசலில் நின்றால் அதற்கு ஒரு மரியாதை உண்டா. அவர்கள்தான் வர வேண்டும்.

வந்தாள். ஒரு ஞாயிறு காலை, தம்பியோடு. படகு இல்லை. கையில் மடித்த பஞ்சுத் துணி. அதை மேசையில் விரித்தாள். உள்ளே என் மெழுகு, அழுக்கேறி, ஒரு பல் மாதிரி இருந்தது.

"பாத்தீங்களா மாமா இந்த அநியாயத்த. அடியில ஒரு ஓட்டை. யாரோ மெழுகு வெச்சு அடைச்சிருக்காங்க."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். நன்றாகவே நடித்தேன் என்று நினைக்கிறேன். சான்றிதழ் ஜன்னலில் இத்தனை வருடம் முகத்தை ஒரே மாதிரி வைத்துப் பழகியது வீண் போகவில்லை.

"பேக்கரிக்காரர் வேலையா இருக்கும்," என்றேன்.

"அவர் ரொட்டிக்குள்ள என்ன வெக்கிறாரோ," என்றான் தம்பி.

"என்கிட்ட விட்டுடும்மா. படகைக் கொண்டுவந்து போடு, நான் சரிபண்ணித் தரேன்."

"வேணாம் மாமா. எப்படி அடைக்கணும்னு சொல்லுங்க, நானே பண்றேன். எனக்குக் கத்துக்கணும்."

சொல்லிக்கொடுத்தேன். எதையும் மறைக்கவில்லை. எப்படிச் சுரண்ட வேண்டும், எவ்வளவு காய விட வேண்டும், பிசினை எந்த அளவில் கலக்க வேண்டும், எல்லாம். அவள் கேட்ட விதமே அழகாக இருந்தது, ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று கேட்டாள். தேநீர் ஆறுவதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. எழுந்துவிட்டாள். நான் வேறு பேச்சை இழுத்துப் பார்த்தேன், ஆஸ்பத்திரி எப்படி, ஷிப்ட் எப்படி என்று. நின்றுகொண்டே பதில் சொன்னாள். வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"வேற எங்கயாவது இந்த மாதிரி இருக்குமா மாமா?"

"இல்லம்மா," என்றேன்.

நான் செய்தது அவ்வளவுதான். ஒரே வார்த்தை, அதிலும் பாதி மரியாதைக்குச் சேர்த்தது. இருக்கு என்று சொல்லியிருந்தால் அவள் மூன்றையும் அடைத்திருப்பாள். அதோடு அந்தப் படகுக்கும் எனக்கும் உறவு முடிந்திருக்கும், ஏரிக்கரையில் இன்னொரு கை தூரத்தில் தூக்கப்பட்டிருக்கும். நான் போட்ட கணக்கு வேறு. ஒரு நாள் கவிழ்வார்கள், காற்றறை பாதி நிறையும், படகு சண்டித்தனம் செய்யும், மீட்புப் படகு கட்டி இழுத்து வரும். கொஞ்சம் நனைவாள், கொஞ்சம் வெட்கப்படுவாள். பிறகு வருவாள்.

பந்தய நாளன்று காற்று பலம். நீங்கள் எல்லாரிடமும் கேட்டுவிட்டீர்கள், நான் நீட்டவில்லை. பல படகுகள் கவிழ்ந்தன, மீட்புப் படகு ஏரியின் மறுகோடியில் இருந்தது. அவர்களும் கவிழ்ந்தார்கள். கரையில் யாரும் கவலைப்படவில்லை, எத்தனையோ தடவை கவிழ்ந்தவர்கள். ஆனால் இந்தத் தடவை படகு பக்கவாட்டில் மிதக்கவில்லை. மெதுவாகப் புரண்டு, தலைகீழாகி, தாழ்ந்துகொண்டே போனது. தம்பி அடியில் இருந்தான். கயிறு காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. மிதக்கிற படகாக இருந்தால் அடியில் மூச்சு விட ஒரு சாண் காற்று இருந்திருக்கும். அவள் முங்கினாள். மேலே வந்தாள். மறுபடி முங்கினாள். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.

நான் கரையில்தான் நின்றிருந்தேன். அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்டீர்கள், முதல் விசாரணையில். அதிர்ச்சியில் ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னேன். அது சரியில்லை. தோன்றியது. இன்றைக்குக் கண்டிப்பாக வருவாள் என்று தோன்றியது. அவன் அடியில் இருக்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு மாதிரித் தோன்றியிருக்கும்.

அவள் முதலில் வந்தது இங்கே இல்லை, என் அலுவலக ஜன்னலுக்கு. ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு வரிசையில் நின்றிருக்கிறாள். முறை வந்ததும் நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்த முதல் ஆள் அவள்தான்.

"மாமா. உங்ககிட்டயே விட்டிருக்கணும் நான். கத்துக்கறேன் கத்துக்கறேன்னு, நானே அவனக் கொன்னுட்டேன்."

"அப்படியெல்லாம் பேசக் கூடாதும்மா," என்றேன். தம்பியின் பெயரை எழுதினேன், முத்திரை வைத்தேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "மனசு சரியில்லன்னா வீட்டுப் பக்கம் வாம்மா."

அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள். தூக்கியெடுத்த படகின் படத்தைக் காட்டி, விளிம்புக்கு அடியில் இருக்கும் இந்த இரண்டு துளைகள் என்ன என்று கேட்டீர்கள். கட்டியவன் என்ற முறையில் என் கருத்துக்கு நீங்கள் கொடுத்த மதிப்பு எனக்குப் பிடித்திருந்தது. ஏதாவது கொக்கி மாட்ட ஸ்க்ரூ போட்டுக் கழற்றியிருப்பார்கள் என்றேன். யார் என்று கேட்டீர்கள். புது ஓனர்கள்தான் எதையாவது மாற்றிக்கொண்டே இருப்பார்கள் என்றேன். பொதுவாகத்தான் சொன்னேன்.

அவளும் வரத் தொடங்கினாள். வாரம் தவறாமல், ஷிப்ட் முடிந்த கையோடு, சீருடையிலேயே. நீங்கள் இருக்கும் நாற்காலியில்தான் உட்காருவாள்.

"நான் அங்க ஸ்க்ரூ போட்டேனா மாமா? எவ்வளவு யோசிச்சும் ஞாபகமே வரல."

"வேலை மும்முரத்துல மறந்திருக்கும்மா. யாருக்கும் வர்றதுதான்."

"ஒரு கொக்கி வாங்கினேன். அது நிஜம். மாட்டினேனான்னு தெரியல."

"மாட்டிட்டுக் கழட்டியிருப்ப."

முதலில் நினைவில்லை என்றாள். பிறகு மாட்டியிருக்கலாம் என்றாள். கடைசியில் எந்தக் கையில் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்திருந்தாள் என்பதுவரை சொன்னாள். நான் அவளுக்குப் பழைய ப்ளைவுட் துண்டுகளைக் கொடுத்தேன். உட்கார்ந்து துளை போட்டு, துளையை அடைத்து, துளை போட்டு, துளையை அடைத்துக்கொண்டே இருப்பாள். அருமையான வேலை, என் கையைவிடச் சுத்தம். அவள் தம்பியைப் பற்றிப் பேசுவாள். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களைக் கதவுக்கு வெளியிலிருந்தே ஜோக் சொல்லிச் சிரிக்க வைப்பானாம். இருட்டும் முன் எழுந்து போவாள். எத்தனையோ பேர் இந்தக் கொட்டகைக்கு வந்திருக்கிறார்கள், இவ்வளவு தவறாமல் வந்தது அவள் ஒருத்திதான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மனம் லேசாகியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேசான மனத்தோடு யார் இவ்வளவு தூரம் வருவார்கள்.

அது போன மாதம் வரை. நீங்கள் இரண்டாம் தடவை வந்து, இதே வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னீர்கள், விசாரணை முடிகிறது, ஓனர் போட்ட துளைகள்தான் காரணம் என்று அறிக்கை போகிறது, இனி உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று. அவளிடமும் சொல்லியிருக்கிறீர்கள். அந்த வாரம் அவள் வரவில்லை. அடுத்த வாரமும். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, அவள் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். படகையே தொட மாட்டேன் என்றாளாம். வேலையையும் விட்டுவிட்டாளாம், கை நடுங்குகிறதாம்.

அவளுக்காகத்தான் உங்களுக்கு போன் செய்து வரச்சொன்னேன். வேறு காரணம் எதுவும் இல்லை. ஒரு பெண் செய்யாத தப்பைத் தலையில் சுமந்துகொண்டு வீட்டில் கிடக்கிறாள், அது என்னைத் தூங்க விடவில்லை. அந்தத் துளைகளைப் போட்டது நான். மெழுகு வைத்தது நான். கேட்டபோது இல்லை என்று சொன்னது நான். கொக்கியை அவள் நினைவுக்குள் மாட்டியதும் நான்தான். அறிக்கையில் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். சொல்லி முடித்ததும் எனக்கு நெஞ்சு காலியானதுபோல இருக்கிறது. இத்தனை வருடம் மனிதர்களை இழுத்து வர எனக்கு ஒரு கோளாறு தேவைப்பட்டது, இனி தேவையில்லை. நான் மாறிவிட்டேன் என்று நீங்கள் அறிக்கையிலேயே ஒரு வரி சேர்க்கலாம்.

மற்ற படகுகளா. விபத்துக்குப் பிறகு எல்லாரும் பயந்துபோய் ஒரே வாரத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள். பல் டாக்டர்கூட வந்தார். புவியியல் ஆசிரியர் வந்து, வெகுநேரம் உட்கார்ந்து, தன் மகளைப் பற்றிப் பேசினார். தெருமுனை வரை படகுகள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். மெழுகைச் சுரண்டியெடுத்து, பிசின் ஊற்றி, இனி ஜென்மத்துக்கும் ஒழுகாதபடி அடைத்துவிட்டேன். ஒன்றைத் தவிர.

உட்காருங்கள், ஏன் எழுந்துவிட்டீர்கள். நிறுத்தி வைத்திருந்த பந்தயங்கள் நாளை மறுபடி தொடங்குவது எனக்கும் தெரியும். அதுவும் மதியம்தானே. காலையில் நீங்கள் நிதானமாக வரலாம், அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது. பந்தயத்தை நிறுத்தினாலும் நிறுத்துங்கள், அவர்கள் சும்மா ஓட்டிப் பார்க்கவாவது இறக்குவார்கள், ஆசைப்பட்டு வாங்கியவர்கள். என்னை அழைத்துப்போக வேண்டும் என்றாலும் சரி, மாற்றுச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

எந்தப் படகு என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன், அதில் ஒளிக்க என்ன இருக்கிறது. ஆனால் இன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டால், நாளைக்கு நீங்கள் எதற்காக வருவீர்கள்.